நம் பிள்ளைகளுக்கும் இந்த நாட்டைக் காட்டுவோம்



கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ சொந்தக்காரர்கள் வந்து இறங்கினால்தான் நம் வீடுகளில் வேன் பிடிக்கிறோம். கண்டி, நுவரெலியா, எல்ல, சிகிரியா என்று நாலு நாளில் ஓடி முடிக்கிறோம். அவர்களைக் கட்டுநாயக்கவில் ஏற்றிவிட்டு வந்ததும் வீடு பழையபடி டியூஷன், வேலை, லோன் தவணை என்று ஆகிவிடுகிறது. அடுத்த பயணம் எப்போது? அடுத்த சொந்தம் வரும்போது. உங்கள் வீட்டிலும் இதுதானே நடக்கிறது?

விருந்தாளிக்குக் காட்டுகிற நாட்டை வீட்டுப் பிள்ளைக்கு ஏன் காட்டாமல் விடுகிறோம்? இந்த மாதம் இதைப் பற்றித்தான் உங்களோடு மனம்விட்டுப் பேச ஆசைப்படுகிறேன்.

சுற்றுலா என்றாலே நமக்கு டொலர்தான் ஞாபகம் வருகிறது. 2018-இல் 23 இலட்சம் வெளிநாட்டவர் வந்தார்கள். பிறகு உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்பு, கொரோனா, 2022-இன் பெற்றோல் வரிசை என்று எல்லாம் சரிந்து, 2024-இல் மறுபடி 20 இலட்சத்தைத் தாண்டியது. செய்தியில் இதைக் கேட்டுச் சந்தோஷப்படுகிறோம். படத்தான் வேண்டும்; எத்தனையோ குடும்பங்களின் அடுப்பு அதில் எரிகிறது. ஆனால் பதுளையில் படிக்கிற பிள்ளைக்கு நெடுந்தீவு என்பது வினாத்தாளில் வருகிற ஒரு பெயர். பருத்தித்துறைப் பிள்ளைக்கு ஹோட்டன் சமவெளியும் அப்படியே. இரண்டு பிள்ளைகளும் அந்தக் கேள்விக்குச் சரியாக விடை எழுதி மார்க்ஸ் வாங்கிவிடுகிறார்கள். இடத்தை மட்டும் பார்த்ததில்லை.

இதற்குப் பெற்றோரை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வடக்கிலும் கிழக்கிலும் ஒரு முழுத் தலைமுறை, போரால் பாதை மூடிக்கிடந்த காலத்தில் வளர்ந்தது. 1956-இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி, 1990-இல் யாழ்ப்பாணம் வருவது நின்றது. மறுபடி அது யாழ்ப்பாண ஸ்டேஷனுக்குள் நுழைந்தது 2014 ஒக்டோபரில். இடையில் பிறந்த பிள்ளைகள் இன்று தாங்களே அப்பா அம்மா ஆகிவிட்டார்கள். ‘அங்கெல்லாம் ஏன் போகவேண்டும், பேசாமல் வீட்டில் இருப்போம்’ என்று அவர்களுக்குத் தோன்றினால் அதில் ஆச்சரியம் இல்லை. மலையகத்திலோ காரணம் வேறு. ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் ஒரு நாள் சம்பளம் போய்விடும். இவை எல்லாம் தெரிந்துகொண்டுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு நல்ல செய்தி: நம்முடையது சின்ன நாடு. பரப்பு 65,610 சதுர கிலோமீற்றர். வடமுனை பருத்தித்துறையிலிருந்து தென்முனை தெய்வேந்திரமுனை வரை ஏறத்தாழ 430 கிலோமீற்றர்தான். காலையில் வெப்பத்தில் வியர்த்தபடி ஏறிய பஸ்ஸிலிருந்து மாலையில் இறங்கும்போது ஸ்வெட்டர் தேடலாம். 

ஆனால் எந்த மாதம் எங்கே போவது என்பதில்தான் பல குடும்பங்கள் காசையும் லீவையும் வீணாக்குகின்றன. டிசம்பரில் பாசிக்குடாவில் ரூம் போட்டுவிட்டு, மூன்று நாளும் ஜன்னல் வழியாக மழையைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். நடுவே நிற்கிற மலைதான் இதற்குக் காரணம். மே முதல் செப்டெம்பர் வரை வீசுகிற தென்மேற்குப் பருவக்காற்று அந்த மலையில் மோதி, கொழும்பு, காலி, இரத்தினபுரி பக்கமெல்லாம் கொட்டித் தீர்க்கிறது. மலையைத் தாண்டி இறங்கும்போது அதில் ஈரம் இருக்காது. அந்த மாதங்களில் திருகோணமலை, பாசிக்குடாக் கடல் குளம் போலக் கிடக்கும். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்று வரும்போது கதை தலைகீழ். மழை வடக்குக்கும் கிழக்குக்கும் போய்விடும். தெற்குக் கடற்கரை வெயில் காயும். நம் விவசாயிகள் பெரும்போகம், சிறுபோகம் என்று கணக்கு வைத்திருப்பதும் இந்த மழையை வைத்துத்தான். விதைக்கிறவர் வானத்தைப் பார்த்து நாள் குறிக்கிறார். வேன் பிடிக்கிற நாமும் அதைச் செய்யலாமே.

திமிங்கிலங்கள்கூட இந்த முறைக்கு உட்பட்டவை என்றே தோன்றும். உலகத்தின் மிகப் பெரிய உயிரான நீலத் திமிங்கிலத்தை நவம்பர் முதல் ஏப்ரல் வரை மிரிஸ்ஸவிலும், வருடத்தின் நடுப்பகுதியில் திருகோணமலையிலும் பார்க்கலாம். அவை கரைக்கு இவ்வளவு பக்கத்தில் வருவதற்கு, கரையை விட்டுக் கொஞ்சத் தூரத்திலேயே கடல் திடீரென்று ஆழமாகிவிடுவதுதான் காரணம்.

ஒரே ஓர் இடத்துக்குத்தான் போக முடியும் என்றால் எங்கே போவது என்று வாசகிகள் சிலர் கேட்பதுண்டு. நான் தயங்காமல் ஹோட்டன் சமவெளி என்பேன். 2,000 மீற்றருக்கு மேலே, குளிரில் குட்டையாக வளர்ந்து பாசி படர்ந்து நிற்கிற காடு. நடுவே புல்வெளி. மரை மான்கள் சாவகாசமாக மேயும். உலக முடிவு என்கிற இடத்தில் பூமி அப்படியே முடிந்து 800 மீற்றருக்கு மேல் கீழே விழுகிறது. காலை ஒன்பது, பத்து மணிக்குள் அங்கே நின்றுவிடவேண்டும். அதற்குப் பிறகு மேகம் ஏறி எல்லாவற்றையும் மூடிவிடும்.

ஆனால் அங்கே பிள்ளைகளைக் கூட்டிப்போகச் சொல்வதற்குக் காரணம் அந்தப் பள்ளம் மட்டும் இல்லை. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளின் தலைநீர் அந்தச் சமவெளியில் ஊறுகிறது. மேகம் அந்தக் குட்டை மரங்களில் மோதிச் சொட்டுச் சொட்டாக இறங்கி, புல்வேரில் தங்கி, ஓடையாகிறது. கொழும்பில் இருக்கிற வாசகர்கள் வீட்டுக் குழாயைத் திறந்தால் வருவது களனித் தண்ணீர். பொலன்னறுவை வயல்களுக்குப் பாய்வது மகாவலி. அந்த அரிசி எல்லோர் வீட்டுப் பானையிலும் வேகிறது. மகாவலி 335 கிலோமீற்றர் ஓடித் திருகோணமலைக்குப் பக்கத்தில் கடலில் சேர்கிறது என்று பிள்ளை பாடமாக்குகிறதே, அந்தத் தண்ணீரைத் தொட்டுப் பார்க்கட்டும். சமவெளியின் நுழைவாசலில் உங்கள் பைகளைத் திறந்து பொலித்தீனையெல்லாம் எடுத்துவிடுவார்கள். கோபப்படாதீர்கள். சாப்பாட்டை டப்பாவில் கட்டிக்கொண்டு போங்கள்.

மலையிலிருந்து இறங்கி வறண்ட பக்கம் வந்தால், அங்கே தண்ணீரைக் காப்பாற்றிய மனிதர்களின் கைவேலை. மின்னேரியாக் குளத்தை மகாசேன மன்னன் கட்டி ஏறத்தாழ 1,700 ஆண்டுகள் ஆகின்றன. அது இன்றைக்கும் வயலுக்குத் தண்ணீர் கொடுக்கிறது. அந்தக் காலத்துப் பெருங்குளங்களில் அணைக்குள்ளே கல்லால் கட்டிய ஒரு கிணறு உண்டு. சிங்களத்தில் பிசோகொட்டுவ என்பார்கள். குளத்தின் முழு அழுத்தத்தோடு பாய்கிற நீர் அதற்குள் விழுந்து, வேகம் அடங்கி, கட்டுக்குள் வாய்க்காலுக்குப் போகும். கொன்கிறீற்றும் இரும்புக் கதவும் இல்லாத காலத்தில் இதை யோசித்திருக்கிறார்கள். எஞ்சினியரிங் படிக்க ஆசைப்படுகிற பிள்ளையை முதலில் அந்தக் குளக்கட்டில் கொண்டுபோய் நிறுத்துங்கள்.

கோடையில் அந்தக் குளம் வற்ற வற்ற, கரையில் இளம்புல் முளைக்கும். ஜூலை முதல் செப்டெம்பர் வரை சுற்றுக் காடுகளிலிருந்து யானைகள் அதைத் தேடி வரும். சில மாலைகளில் இருநூறு, முந்நூறு யானைகள் குட்டிகளோடு ஒரே வெளியில் நிற்கும். ஆசியாவில் இப்படி ஒரு காட்சிக்கு ஈடு சொல்ல முடியாது. அண்மைக் காலத்தில், மேலே புதிதாகக் கட்டிய நீர்த்தேக்கத்திலிருந்து தண்ணீர் திறந்துவிடுவதால் கோடையிலும் குளம் நிரம்பியிருக்கிறது, புல் முளைக்க இடமில்லை என்று வனவிலங்கு ஆர்வலர்கள் கவலைப்படுகிறார்கள். வயலுக்குத் தண்ணீர் வேண்டும், யானைக்குப் புல் வேண்டும். இரண்டையும் பார்த்துத் திறக்கிற கணக்கை நம் ஆட்களால் போட முடியாதா? 1,700 வருடத்துக்கு முன் போட்டவர்களின் பிள்ளைகள்தானே?

யானையைப் பற்றிப் பேசும்போது சந்தோஷத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போக முடியாது. 2011 கணக்கெடுப்பில் 5,879 யானைகள் இருந்தன. 2023-இல் மட்டும் 400-க்கு மேற்பட்ட யானைகள் செத்தன. அதே வருடம் யானை தாக்கி 150-க்கு மேற்பட்ட மனிதர்களும் இறந்தார்கள். அநுராதபுரத்திலும் வவுனியாவிலும் மட்டக்களப்பின் எல்லைக் கிராமங்களிலும் இரவெல்லாம் வயலில் பரண் கட்டிக் காவல் இருக்கிற வாசகர்கள் நமக்கு உண்டு. அவர்கள் வீட்டில் யானை என்றால் பயம். சவாரி ஜீப்பில் இருக்கிற பிள்ளைக்கு யானை என்றால் ஆசை. இரண்டும் ஒரே யானைதான் என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுங்கள்.

இதில் நாம் செய்கிற ஒரு காரியத்தை இன்றோடு விடவேண்டும். கதிர்காமம் போகிறோம், புத்தல வீதியில் யானை நிற்கிறது, வனத்திலிருந்து வந்த பிள்ளையார் என்று வாழைப்பழம் நீட்டுகிறோம். அன்போடுதான் நீட்டுகிறோம், எனக்குத் தெரியும். ஆனால் அந்த யானை பழகிப்போய், அடுத்து வருகிற வாகனத்தை மறிக்கிறது, கண்ணாடிக்குள் தும்பிக்கையை விடுகிறது. பழம் இல்லாதவர்கள் அகப்பட்டுக்கொள்கிறார்கள். முருகனுக்கு வைத்திருக்கிற பழம் முருகனுக்கே போகட்டும். காட்டுக்குள் ஜீப் டிரைவரிடமும், ‘தம்பி, கிட்டப் போகவேண்டாம், இங்கேயிருந்தே பார்க்கிறோம்’ என்று சொல்லுங்கள். பார்க்க வருகிறவர்கள் நெருக்கச் சொல்லாவிட்டால் அவர் ஏன் நெருக்கப்போகிறார்?

சிறுத்தைக்கும் இந்த நாட்டில் ஒரு தனி இடம் உண்டு. இங்கே சிங்கமும் இல்லை, புலியும் இல்லை. காட்டில் சிறுத்தைக்கு மேலே யாரும் இல்லை. அதனால்தான் யாலவிலும் வில்பத்திலும் அது பகலிலேயே பாதையில் படுத்திருக்கிறது. சிங்கமோ புலியோ உள்ள காடுகளில் அது பெரும்பாலும் ஒளிந்தே திரியும். நம் மலையகத் தோட்டங்களிலும் சிறுத்தை இருக்கிறது. 2020 மே மாதம், நல்லதண்ணிப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பன்றிக்கு வைத்த சுருக்குக் கம்பியில் ஒரு கருஞ்சிறுத்தை மாட்டிச் செத்துப்போனது. அப்படி ஒன்று நம் மலையில் நடமாடியது என்பதே பலருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. மரக்கறித் தோட்டத்தைப் பன்றி நாசமாக்கினால் வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் கம்பிக்கு யார் கால் என்று தெரியாது.

இனி வரலாற்றுக்கு வருவோம். பாடசாலைச் சுற்றுலாவில் பொலன்னறுவைக்குப் போகாத பிள்ளை குறைவு. கல் விகாரைக்கு முன்னால் நின்று படம், பராக்கிரம சமுத்திரத்தின் கட்டில் நின்று படம், பிறகு பஸ். ஆனால் அதே பழைய நகரத்துக்குள், 11-ஆம் நூற்றாண்டில் சோழர் கட்டிய வானவன்மாதேவீஸ்வரம் கருங்கல்லில் நின்றுகொண்டிருக்கிறது. பலகையில் ‘சிவ தேவாலய இல. 2’ என்று இருப்பதால் நம் ஆட்கள் பாதிப் பேர் கடந்து போய்விடுகிறார்கள்.

அதைவிட என் மனதைத் தொட்டது, தலதா முற்றத்தில் நிற்கிற வேளைக்காரர் கல்வெட்டு. 1070 அளவில் சோழரை வெளியேற்றியவர் முதலாம் விஜயபாகு. அவர் காலத்தில் கட்டிய தந்த தாது மாளிகையை இனி நாங்கள் காப்போம் என்று தமிழ் வேளைக்காரப் படையினர் பொறுப்பேற்று, அதைக் கல்லில் தமிழில் வெட்டி வைத்தார்கள். ஒரு தலைமுறைக்கு முன் போர் நடந்த மண்ணில் இப்படி ஒரு கல். நமக்குச் சொல்லித்தரப்பட்ட கதைகள் எல்லாவற்றையும்விட இந்த நாடு சிக்கலானது, நெருக்கமானது என்று அந்தக் கல்லுக்கு முன்னால் நிற்கும்போது தோன்றும். பிள்ளைக்கும் தோன்றட்டும்.

கொழும்புக்கு ஹொஸ்பிட்டல், பாஸ்போர்ட் என்று வருகிறவர்கள் ஒரு மணித்தியாலம் ஒதுக்கித் தேசிய நூதனசாலைக்குப் போய் வாருங்கள். பொலன்னறுவையில் கிடைத்த வெண்கல நடராஜரைப் பார்த்துவிட்டு, காலியில் 1911-இல் கண்டெடுத்த மும்மொழிக் கல்வெட்டையும் பாருங்கள். சீனக் கடற்படைத் தளபதி செங் ஹ கொண்டுவந்தது. 1409 என்று திகதியிட்டது. ஒரே கல்லில் சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தென்னவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் அல்லாவுக்கும் காணிக்கை. அறுநூறு வருடத்துக்கு முன் இந்தத் துறைமுகங்களில் யார் யார் நடமாடினார்கள் என்பதற்கு அதற்கு மேல் சாட்சி வேண்டுமா?

சிகிரியாவில் எல்லோரும் உச்சிக்கு ஓடுகிறார்கள். வழியில் இருக்கிற கண்ணாடிச் சுவரில் கொஞ்சம் நில்லுங்கள். காசியப்ப மன்னன் போன பிறகு, பெரும்பாலும் 8 முதல் 10-ஆம் நூற்றாண்டு வரை, அந்தப் பாறையைப் பார்க்க வந்த ஆட்கள் சுவரில் பாட்டு எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். பேராசிரியர் செனரத் பரணவிதான 685 பாட்டுகளைப் படித்தெடுத்து 1956-இல் நூலாக்கினார். பலர் தங்கள் பெயரையும் ஊரையும்கூட எழுதியிருக்கிறார்கள். ஆயிரம் வருடத்துக்கு முன்பே உள்ளூர்க்காரர்கள் ஊர் விட்டு ஊர் போய்ப் பார்த்து வியந்த நாடு இது. இன்றைக்கு அந்தச் சுவரில் கீறினால் குற்றம். பிள்ளையின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

மலையக ரயிலைப் பற்றிச் சொல்லாவிட்டால் கோபிப்பீர்கள். 1924-இல் பதுளை வரை போய்ச் சேர்ந்த அந்தப் பாதையை இன்று உலகமே படம் பிடிக்கிறது. ஒன்பது வளைவுப் பாலத்தில் நிற்க இடமில்லை. ஆனால் நானுஓயா தாண்டி ஜன்னலுக்கு வெளியே தேயிலை ஓடும்போது பிள்ளைக்கு இன்னொன்றும் சொல்லுங்கள்: இந்த மலைகளைத் தோட்டமாக்கிய மக்கள் தமிழ்நாட்டிலிருந்து கடல் தாண்டி வந்து, மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டு வழியே நடந்தார்கள். காய்ச்சலிலும் பசியிலும் வழியிலேயே விழுந்தவர்களுக்குக் கல்லறை இல்லை. 2023-இல் இருநூறு வருட நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் அதே வழியை மறுபடி நடந்தார்கள். கொழுந்து பறிக்கிற அக்காவைப் படம் எடுக்கும் முன் ஒரு வார்த்தை கேளுங்கள். அவரும் வேலைத்தலத்தில் இருக்கிறார்.

தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக நயினாதீவுக்கு வருகிறார்களே என்று வடக்கில் சிலர் முகம் சுளித்த காலம் இருந்தது. காரணங்களும் இருந்தன. ஆனால் குறிகட்டுவான் இறங்குதுறையில் பனங்காய்ப் பணியாரம் விற்கிற அம்மாவிடம் கேட்டால் வேறு பதில் வரும். தெற்கிலிருந்து வருகிறவர்கள் நாகபூசணி அம்மன் வாசலிலும் நிற்கிறார்கள், விகாரைக்கும் போகிறார்கள். அதே துறையிலிருந்து இன்னொரு படகில் ஒரு மணித்தியாலம் போனால் நெடுந்தீவு. முருகைக்கல் வேலிகளும், போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்திலிருந்து வந்த காட்டுக் குதிரைகளும் உள்ள தீவு. யாழ்ப்பாணத்திலேயே பிறந்து வளர்ந்து அதைப் பார்க்காதவர்கள் எத்தனை பேர்!

காசுக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும். இதைச் சொன்னால் சிலருக்கு வருத்தமாக இருக்கலாம்: ஒரு சாமத்திய வீட்டுக்கு ஹோல், வீடியோ, ட்ரோன், அல்பம் என்று நாம் கொட்டுகிற காசில் அந்தப் பிள்ளையைப் பல வருடங்களுக்கு வருடம் ஒரு திசையாகக் கூட்டிப்போகலாம். விழா வேண்டாம் என்று சொல்லவில்லை. ட்ரோன் வேண்டாம் என்று தாராளமாகச் சொல்வேன். அரச உத்தியோகத்தர் வீடுகளில் வருடா வருடம் கிடைக்கிற ரயில் வாரண்டுகளில் எத்தனை பயன்படுத்தாமலே போகின்றன? தேசியப் பூங்காக்களிலும் தொல்பொருள் இடங்களிலும் வெளிநாட்டவர் கட்டுகிற கட்டணத்தில் சின்னப் பங்குதான் நமக்கு. மூன்றாம் வகுப்பு ரயிலும், வீட்டில் கட்டிய சோற்றுப் பார்சலும், ஊர்க் குடும்பம் நடத்துகிற இரண்டு அறை விடுதியும் போதும். ஒரு பயணத்தில் ஒரு பக்கம் மட்டும் பாருங்கள். நாலு நாளில் நாட்டை முடித்தால் பிள்ளைக்கு வேன் சீட்தான் நினைவிருக்கும்.

வருட இறுதி விடுமுறை வருகிறது. தெற்கும் தென்மேற்கும் அந்த நேரம் நன்றாக இருக்கும். டிசம்பர்ப் போயாவோடு சிவனொளிபாத மலைப் பருவமும் தொடங்கிவிடும். 2,243 மீற்றர், நாலு மதத்தவரும் ஏறுகிற மலை, பாட்டிகளே ஏறுகிறார்கள். மலைநாட்டில் மழை பெய்திருந்தால் மண்சரிவு, ரயில் நிலவரம் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். கிழக்கை ஆகஸ்ட்டுக்கு வையுங்கள்.

உங்களிடம் ஓர் உதவியும் வேண்டும். பிள்ளைகளோடும் வயதானவர்களோடும் போய்த் தங்கக்கூடிய, சுத்தமான, கட்டுப்படியாகிற தங்குமிடம் உங்களுக்குத் தெரிந்தால் எழுதி அனுப்புங்கள். நீங்களே தங்கியதாக இருக்கவேண்டும். எந்த மாவட்டம், எந்த மாதத்தில் போனீர்கள், கழிப்பறை எப்படி, இரவில் தமிழில் பேச ஆள் இருந்ததா, மொத்தம் எவ்வளவு ஆனது என்று விவரமாக எழுதுங்கள். ஜனவரி இதழிலிருந்து மாவட்டம் மாவட்டமாக வெளியிடுவோம். முதலில் மன்னாரைத் தொடங்கலாம் என்று நினைக்கிறோம். பூநாரைகள் வந்து இறங்குகிற நேரம் அது.

அன்புடன்,
ஆசிரியர்